நாற்பது நிமிடம், இரண்டு நிமிடம்

காலை ஆறு இருபது. தோட்டத்து வாசலில் பள்ளி வேன் வந்து நின்றது. கதவு திறந்தது. என் தங்கை லோஷினி ஏறவில்லை.

முதல் நாள் பெய்த மழையில் செம்மண் ஊறிக் கிடந்தது. எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வேகவைத்த செம்பனைப் பழத்தின் புளித்த வாடை வந்தது. வாசலில் இருக்கும் இரும்புத் தடுப்பை லோஷினி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பியின் ஈரம் அவள் சட்டைக் கையில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏறும்மா, பெல் அடிச்சிரும்லா," என்றார் வேன் ஓட்டும் செல்வம் அங்கிள். "இன்னும் ரெண்டு தோட்டத்துல பிள்ளைங்க நிக்குதுங்க."

"வயிறு வலிக்குதுக்கா," என்று லோஷினி என்னைப் பார்த்துச் சொன்னாள்.

வேனுக்குள் ஐந்து பிள்ளைகள். யாரோ சிரித்தார்கள். பிள்ளைகள் எதற்குத்தான் சிரிப்பதில்லை என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பேசியை எடுத்துக் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். வாந்தி: இல்லை. காய்ச்சல்: இல்லை. வலி: தொப்புளைச் சுற்றி. எத்தனையாவது நாள்: மூன்று.

வேன் போய்விட்டது. லோஷினி கம்பியை விட்டாள். உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது.

செண்டாயான் தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைச் சென்ற வாரம் இந்தப் பகுதியில் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உங்களுக்குக் கோபம் வருகிறது, சலிப்பு வருகிறது. பொறாமை மட்டும் வந்ததே இல்லையா?" வந்தது. ஒரு மாதத்துக்கும் மேலாக என்னுடனேயே இருந்தது. இந்த வாரம் அதைத்தான் எழுதுகிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். லோஷினியிடம் அனுமதி கேட்டேன். "எழுது. அந்தப் படத்த மட்டும் போட்றாத," என்றாள். எந்தப் படம் என்று பின்னால் வரும்.

பதினொரு காரணங்கள்

எனக்கும் லோஷினிக்கும் பதின்மூன்று வயது இடைவெளி. அம்மா தோட்டத்து நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறார். விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பெயர் கொடுத்தாக வேண்டும். அப்பா லாரி ஓட்டுகிறார், வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். ஆகவே லோஷினிக்குத் தலை வாரியது, சப்பாத்துக் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தது, முதல் பல் விழுந்தபோது கூரையில் வீசியது எல்லாம் நான்தான். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இருக்க முடியாது என்று நம்பியிருந்தேன்.

தொழிற்சாலையில் என் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. அழுத்தமானி, வெப்பமானி, தராசு எல்லாம் உண்மை சொல்கின்றனவா என்று பார்த்து ஒட்டுத்தாள் ஒட்டுவேன். ஒன்று தவறாகக் காட்டினால் காரணங்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவேன். கடைசியில் அடிபடாமல் நிற்பதுதான் காரணம்.

லோஷினிக்கும் பட்டியல் போட்டேன். பகாவ் கிளினிக்கில் பரிசோதித்துவிட்டு, வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதை அடித்தேன். மாதவிடாய். அடித்தேன். கணிதப் பாடம். போன தேர்வில் அவள்தான் வகுப்பில் இரண்டாவது, அதையும் அடித்தேன். மலாய் மொழி, ஓர் ஆசிரியை, காதல், தோழிகளுடன் சண்டை, அப்பா வீட்டில் இல்லாதது என்று பதினொன்று வரை போனது. பதினொன்றும் அடிபட்டுவிட்டன. அவள் மட்டும் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என்னன்னு சொல்லு லோஷி."

"ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் இல்லாம எப்படி வலிக்கும்?"

"வலிக்குதுல்ல, விடேன்."

பள்ளிக்கு வராத நாட்களைக் குறிப்பிட்டு முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அம்மா அதை மடித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகினார். எனக்கு அந்த மாதம் முழுவதும் மாலை ஷிப்ட் வேண்டுமென்று கேட்டு வாங்கினேன்.

ஷிப்ட் புத்தகம்

தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போது ஒரு புத்தகமும் கை மாறும். போகிறவர் எழுதுவார்: எது ஓடுகிறது, எது நின்றது, எதன்மேல் கண் வைக்க வேண்டும். வருகிறவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போகிறவர் வாசலைத் தாண்டலாம்.

வீட்டிலும் அதையே செய்தேன். மதியம் இரண்டரைக்கு அம்மா வருவார், நான் கிளம்புவேன். பேசிக்கொள்ள நேரம் இருக்காது. பேசினால் லோஷினி காதில் விழும். கெட்டி அட்டை போட்ட நீளப் புத்தகம் ஒன்று வாங்கிக் குளிர்பெட்டிக்கு மேலே, மைலோ டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.

நான் எழுதியது: "காலை உணவு: பாதி. பேச்சு: குறைவு. வலி: ஆறிலிருந்து ஏழு வரை, பிறகு இல்லை. நிலை: இயல்பு இல்லை."

அம்மா எழுதியது: "முட்ட பொரிச்சி குடுத்தேன் மஞ்சள மட்டும் சாப்ட்டா. வெள்ள பூனைக்கு. பூன கூட பேசுனா என்னமோ. நான் போனதும் நிப்பாட்டிட்டா. மூஞ்சி வாடல."

அம்மாவுக்கு எங்கே முற்றுப்புள்ளி வைப்பதென்று தெரியாது என்று சிரித்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

அழத் தெரிந்தவள்

பள்ளியில் ஆலோசனை ஆசிரியை ஒருவர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்று வகுப்பாசிரியர் சொன்னார். போய்ப் பார்த்தால், கவிதா.

கவிதா என்னுடன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள். நான் எப்போதும் முதல், அவள் எப்போதும் இரண்டாவது. அவளிடம் எனக்கு இருந்த ஒரே மனக்குறை அழுகை. கவிதா எல்லாவற்றுக்கும் அழுவாள். பென்சில் முனை உடைந்தால் அழுவாள். அழுதால் வகுப்பே அவள் மேசையைச் சுற்றி நிற்கும், ஆசிரியை தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்.

நான் அழுததில்லை. எனக்கு வேறொன்று இருந்தது. இடைநிலைப்பள்ளியில் ஒவ்வொரு தேர்வு நாள் காலையிலும் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால், கழுவிய தட்டுகளை அடுக்கும் இடத்தில் போய் வாந்தி எடுப்பேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, நேராகப் போய்த் தேர்வு எழுதி, முதலாவதாக வருவேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பள்ளியிலும் ஆலோசனை அறை என்று பலகை மாட்டிய ஓர் அறை இருந்தது. உள்ளே வலைப்பந்துகளும் கொடிக்கம்பங்களும் அடுக்கியிருந்தன. பரிசளிப்பு நாளில் எனக்குக் கொடுத்த கோப்பையை அந்த அறையிலிருந்துதான் எடுத்துவந்தார்கள்.

கவிதாவின் அறை அப்படி இல்லை. ஒரு பச்சை நாற்காலி, முதுகு சாய்த்தால் ஆடும். கண்ணாடிக் குண்டு நிறைந்த கிண்ணம், கையை உள்ளே விட்டு அளைந்துகொண்டே பேசலாம். மெல்லுத்தாள் பெட்டி. ஓர் ஓரத்தில் சின்ன மின்விசிறி, இரைச்சல் இல்லாதது. லோஷினி அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் தோள் இரண்டும் இறங்கியதைப் பார்த்தேன். எனக்கு அவளை எழுப்பிவிட்டு நான் உட்கார வேண்டும் போல இருந்தது. இருபத்தேழு வயதில் பதினான்கு வயதுப் பிள்ளையின் நாற்காலிமேல் வந்த ஆசையை வேறு எந்தப் பெயர் சொல்லி எழுதுவது?

"எப்படி இருக்க?" என்றாள் கவிதா.

"நல்லாத்தான் இருக்கேன்."

"ஆறாம் ஆண்டுலருந்து இதே பதில்தான்லா சொல்ற நீ."

ஏற்பாடு இதுதான்: செவ்வாய்க்கிழமை தோறும் லோஷினி வகுப்புக்குப் போக வேண்டாம், கவிதாவின் அறைக்கு மட்டும் வந்துவிட்டுப் போகட்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் காரில் அழைத்துப் போவேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

பெஞ்சு

கதவில் கண்ணாடிச் சதுரம் ஒன்று உண்டு. அதன் வழியே லோஷினியின் பின்னந்தலை தெரியும். பின்னந்தலை ஆடினால் பேசுகிறாள். முதல் செவ்வாய் கொஞ்சம் ஆடியது. இரண்டாவது செவ்வாய் நிறைய ஆடியது. ஒருமுறை கை இரண்டையும் தூக்கி எதையோ விளக்கினாள். அந்தக் கை அசைப்பு எனக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்தேன். சிறுவயதில் கனவு கண்டால் அப்படித்தான் வந்து சொல்வாள்.

அவள் வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்ன பேசுனீங்க?"

"சும்மா."

"சும்மான்னா?"

"சும்மாதான்க்கா. பசிக்குது, மீ வாங்கித் தாயேன்."

மூன்றாவது செவ்வாய், அவளைக் கழிவறைக்கு அனுப்பிவிட்டுக் கவிதாவைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லு கவிதா. என்னதான் பிரச்சன அவளுக்கு?"

"ஆபத்தா எதுவும் இல்ல. இருந்தா அன்னைக்கே ஒங்க வீட்டுக்குச் சொல்லிருப்பேன். மத்தது அவ சொல்லணும். இப்ப வேணாம்னு சொல்லிருக்கா."

"நான் யாரோவா? அவ அக்கா."

"தெரியும்லா. மொத நாளே ஒன் பேரச் சொல்லித்தான் ஆரம்பிச்சா."

"என்னன்னு?"

"அதையும் அவகிட்டயே கேளு."

அன்று மதியம் புத்தகத்தில் புதிதாக ஒரு பத்தி போட்டேன். மேலே கோடு இழுத்து, தலைப்புக் கொடுத்து, அழகாக எழுதினேன். "கவிதாவுடன் பேசிய நேரம்: 40 நிமிடம். என்னுடன்: 2 நிமிடம்." அன்றிலிருந்து தினமும் கைக்கடிகாரத்தைப் பார்த்து என் பக்கத்தை நிரப்பினேன். மூன்று. ஒன்றரை. இரண்டு. சாப்பாட்டைப் பற்றிய பேச்சைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் நியாயமாக இருக்காது என்று தோன்றியது.

அம்மா அந்தப் பத்தியைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குக் கீழே, "இன்னிக்கி கார்ல போறப்ப பாட்டு பாடிக்கிட்டே போனான்னு நீ சொன்னியே அத எழுதல" என்று மட்டும் எழுதியிருந்தார். அதைப் படித்தேன், கையெழுத்துப் போட்டேன். அதில் விடை இருந்தது எனக்குத் தெரியவில்லை.

புத்தகம் போன இடம்

நான்கு செவ்வாய் முடிந்தது. அந்த வாரம் பள்ளியிலிருந்து இரண்டாவது கடிதமும் வந்தது. மாலை ஷிப்டை நீட்டித்துத் தர முடியாது, திங்கள் முதல் காலை ஷிப்ட், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி எட்டு மணிக்குச் செண்டாயானில் இருக்க வேண்டும் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அதாவது திங்கள் முதல் அவளைக் காரில் கொண்டுவிட முடியாது. லோஷினி வேனில் ஏற வேண்டும், இல்லையென்றால் வீட்டில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் அறைக்கு வரட்டும் என்று கவிதா சொல்லியிருந்தாள். போனோம். அன்று என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். உட்காரும் முன்பே மேசையைப் பார்த்துவிட்டேன். என் நீளப் புத்தகம்.

லோஷினிதான் எடுத்துவந்திருக்கிறாள். மைலோ கலக்கும் பிள்ளைக்கு மைலோ டின்னுக்குப் பின்னால் எதையாவது ஒளிக்கலாமா? ஒளிக்க நினைத்தவள் தொழில்நுட்பம் படித்தவள்.

"இத ரெண்டு வாரமா படிச்சிக்கிட்டு இருக்கேன்," என்றாள் லோஷினி. கண்ணாடிக் குண்டுகளுக்குள் கையை விட்டிருந்தாள். "அம்மா எழுதுனதப் படிச்சா சிரிப்பு வருதுக்கா. நீ எழுதுனதப் படிச்சா பயமா இருக்கு. இயல்பு இல்ல, இயல்பு இல்லன்னு பதினாலு தடவ எழுதிருக்க."

எண்ணியிருக்கிறாள். என் தங்கைதான்.

"அது வேலையில எழுதுற மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பறம் இது என்ன?" அந்தப் பத்தியைத் திறந்தாள். "டைம் புடிச்சியாக்கா?"

காதுவரை சுட்டது. கவிதா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, நிதானமாகப் படித்தாள். ஆறு வருடம் அவள் அழுததை நான் வேடிக்கை பார்த்ததற்கெல்லாம் இப்போது சேர்த்து வாங்கிக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

"நாப்பது இல்ல," என்றாள். "முப்பத்தஞ்சுதான். அஞ்சு நிமிஷம் இவ குண்டு பொறுக்குனா, கிண்ணத்தக் கவுத்துட்டு."

லோஷினி சிரித்துவிட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை. சிரிப்பிலும் அவர்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி.

"மொத நாள் என் பேரச் சொல்லித்தான் ஆரம்பிச்சியாமே," என்று லோஷினியைக் கேட்டேன். "என்ன சொன்ன?"

அவள் கவிதாவைப் பார்த்தாள். கவிதா சன்னலைப் பார்த்தாள்.

"அக்காகிட்ட சொல்லிராதீங்க டீச்சர்னு சொன்னேன்."

சின்ன மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சல் இல்லாதது என்று எழுதினேன், தவறு. அப்போது நன்றாகக் கேட்டது.

"ஏன்?"

"சொன்னா நீ லிஸ்ட் போடுவ. லிஸ்ட் போட்டு ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போன் பண்ணுவ. அப்பறம் நான் எப்படிக்கா மூஞ்சி காட்டுவேன்?"

அவள் ஆறு வயதில் ஒரு தடவை அழிப்பானைத் தொலைத்துவிட்டேன் என்று வந்தாள். அன்று மாலையே நான்கு வீடுகளுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தவள் நான். அழிப்பான் அவள் பையிலேயே இருந்தது.

காரில் திரும்பும்போது அவள் பாடவில்லை. புத்தகம் அவள் மடியில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதை மைலோ டின்னுக்கு முன்னால், எல்லோருக்கும் தெரியும்படி வைத்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மா மட்டும் எழுதினார். நான் பேனாவைத் தொடவில்லை.

மறுபடியும் ஆறு இருபது

திங்கள். அதே வாசல், அதே ஆலை வாடை. மழை இல்லை. லோஷினி சீருடையில் நின்றாள். கம்பியைப் பிடிக்கவில்லை, ஆனால் பக்கத்திலேயே நின்றாள். வேன் வந்தது.

"ஏறுறியாம்மா?" என்றார் செல்வம் அங்கிள், இந்த முறை மெதுவாக.

"அஞ்சு நிமிஷம் அங்கிள்," என்றாள் லோஷினி. பிறகு என் பக்கம் திரும்பி, "கைய நீட்டு," என்றாள்.

நீட்டினேன். என் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். பெரியது, முழங்கைப் பக்கம் சரிந்தது. வேலைக்குப் போக நான் எடுத்து நிறுத்தியிருந்த காருக்குள் என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"போனும் பைக்குள்ள போடு. நடுவுல கேள்வி கேக்கக் கூடாது."

சொன்னாள். வேனில் வாய் திறந்து தூங்கியிருக்கிறாள், எச்சில் வடிந்திருக்கிறது. பின் இருக்கையில் இருந்த ஒரு பெண் படம் பிடித்திருக்கிறாள். அதை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக்கி, வேன் பிள்ளைகள் வைத்திருக்கும் குழுவில் போட்டுவிட்டாள். மறுநாள் லோஷினி ஏறியதும் ஐந்து பேர் கைப்பேசியிலும் ஒரே நேரத்தில் டிங் டிங் டிங். அதன்பிறகு தினமும். பள்ளியில் ஒன்றும் இல்லை. வகுப்பில் ஒன்றும் இல்லை. வேன் மட்டும்தான்.

பதினொரு காரணங்களில் வேன் இல்லை. காரில் போனால் பாடினாள் என்று அம்மா எழுத்தில் சொல்லியும் நான் கண்டுபிடிக்கவில்லை.

கவிதா அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். அந்தப் பெண் அழுதாளாம். படத்தை எடுத்துவிட்டார்களாம். "ஆனா யார் போன்லயாவது இருக்கும்லக்கா," என்றாள் லோஷினி. "அத நெனச்சாத்தான் வயித்துல வருது."

எனக்கு வாயில் நான்கு பெயர்கள் வந்துவிட்டன, நான்கு வீடுகள், நான்கு தொலைபேசி எண்கள். கேள்வி கேட்கக் கூடாது. ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கும் வயித்துல வரும்," என்றேன். "பரீட்ச அன்னைக்கு. கேன்டீன் பின்னால போய் வாந்தி எடுப்பேன்."

"நீயா?" முழுதாகத் திரும்பினாள். "யார்கிட்ட சொன்ன?"

"ஒன்கிட்டதான். இப்ப."

பிறகு கையை உயர்த்தி, அந்தப் பழைய அசைப்போடு, மீதியைச் சொன்னாள். எத்தனை நேரம் என்று தெரியாது. காரின் கடிகாரம் நின்று ஒரு வருடம் ஆகிறது. ஊரார் கருவிகளுக்கெல்லாம் ஒட்டுத்தாள் ஒட்டுகிறவளின் கார்.

யார் யாருக்கு முன்பே தெரியும் என்று மட்டும் கடைசியில் கேட்டேன். முதலில் பூனை, பிறகு கவிதா, நேற்று அம்மா. நான் நான்காவது. அது இன்றுவரை உறுத்துகிறது, மறைக்கப் போவதில்லை.

வேன் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அங்கிள் எஞ்சினை அணைத்துவிட்டிருந்தார். லோஷினி இறங்கிப் போனாள். பின் இருக்கைப் பக்கம் போகாமல், அங்கிளுக்குப் பக்கத்து இருக்கையில் ஏறினாள். ஏறும் முன் சொன்னாள்: "ஸ்கூல் கேட் வரைக்கும் பின்னாலயே வா."

செம்பனை வரிசைகளுக்கு நடுவே, வேனின் பின்விளக்கைப் பார்த்தபடியே ஓட்டினேன். இரண்டு தோட்டங்களில் நின்றது, நானும் நின்றேன். ஒவ்வொரு முறையும் பக்கக் கண்ணாடியில் அவள் முகம் வந்து, நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனது.

பள்ளி வாசலில் கவிதா நின்றிருந்தாள். லோஷினி இறங்கி நேராக அவளிடம் ஓடினாள். ஓடட்டும் என்று சொல்லிக்கொண்டேன். நெஞ்சில் சுருக்கென்றுதான் இருந்தது. பாதி வழியில் நின்று, திரும்பி, கடிகாரம் கட்டிய கையை என் பக்கம் உயர்த்திக் காட்டினாள்.

"சாயந்தரம் தரேன்!"

செண்டாயானுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வேலை ஆரம்பித்துவிட்டிருந்தது. அந்தத் தொழிற்சாலையில் முதல் தடவையாகத் தாமதம். மேற்பார்வையாளர் ஒரு படிவத்தை நீட்டினார். இரண்டு கட்டங்கள்.

காரணம்: "தங்கை பேசிக்கொண்டிருந்தாள்."

எத்தனை நிமிடம் என்ற கட்டத்தை நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.